அளக்கவிடாத அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். நான் அவரைச் சந்தேகப்பட்டதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் கலவை என்கிற எங்கள் ஊரில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். தோலைத் தடவிப் பார்த்தே தழும்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த உழைப்பில்தான் நான் நர்ஸ் ஆனேன், தம்பி படித்தான்.

ஊருக்கு வெளியே அப்பாவின் மேட்டு நிலம் முள்ளும் சரளையுமாகக் கிடந்தது. அளந்து மூன்றாகப் பிரிக்கலாம் என்றோம். இரண்டு முறை சர்வேயர் வரும் நேரத்தில் அண்ணன் தள்ளிப்போட்டார்.

“அங்க தரையில குருவி முட்டை வெச்சிருக்கும்மா. ஆளுங்க மிதிச்சிடுவாங்க. குஞ்சு பறக்கட்டும்.”

“குருவிக்கோசரமா? யாருக்குண்ணா காது குத்துற?” என்றேன்.

லீவு நாளில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வராமல் நிலத்துக்குத்தான் போவார். ஒருநாள் பின்னாலேயே போனேன். வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நிலத்தை எங்களுக்குத் தெரியாமல் விற்கப் புரோக்கருக்காகக் காத்திருக்கிறார் என்று முடிவு செய்து, அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஆறு மாதத்தில் மாரடைப்பு. ஒரு வார்த்தை பேசாமலே அனுப்பிவிட்டேன்.

போன மாதம் சர்வேயருடன் நானும் தம்பியும் நிலத்துக்குப் போனோம். மண் நிறத்தில், தலையில் சின்னக் கொண்டையோடு ஒரு வானம்பாடி எட்டத்தில் இறங்கியது. எங்களைப் பார்த்தது. நாலடி ஓடித் தரையைக் கொத்தியது, மறுபடி பார்த்தது. என்னைவிடச் சந்தேகக்காரி. நாங்கள் ஒதுங்கிய பிறகே ஒரு புல் தூருக்குள் நுழைந்தது. அது பறந்ததும் எட்டிப் பார்த்தேன், அங்கே மூன்று முட்டைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்ப அளக்க வேணாம்” என்றேன்.

தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னாக்கா, யார்கிட்டனா பேசி முடிச்சிட்டியா?”

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய கம்பெனி நண்பர்களுக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பி இன்னும் என்னை நம்பவில்லை. இந்த மலரை அச்சகத்துக்குக் கொண்டுபோகிறவன் அவன்தான். படிக்கட்டும்.