இருபத்துநாலு செல்

நான் எழுதிய நாலு வரிக் கடிதத்தால் ஒரு மனிதர் இரண்டு நாள் பொலிஸ் கூட்டுக்குள் இருந்தார். கடிதம் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றியது. இப்போது இளம் எஞ்சினியர்மார் என்னிடம் வந்து, வெயிலில் எடுக்கிற கரண்டை லித்தியம் பற்றரியில் வைப்பதா, மேட்டுக் குளத்துக்குத் தண்ணீரை ஏற்றி வைப்பதா என்று வாதம் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். அதே சண்டையை யுத்த காலத்தில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிடித்துத் தோற்றவன் நான். முதலில் இதைக் கேளுங்கள்.

1. மூன்று யோசனை

நான் யாழ்ப்பாணத்தான். எழுபதுகளில் கண்டிக்கு வந்து, டவுனில் ஒரு வேர்க்‌ஷொப்பில் கரண்ட் பாஸாக இருந்தேன். கைவேலை தெரிந்தவனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டங்களுக்குப் போய் மோட்டர், வயரிங் பார்ப்பது என் வேலை. லொறி ஓட்டுவது அலவத்துகொட ஊர்க்காரர் நாசர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். வழியில் நிறுத்தி பிளேன்டீயும் சூடான ரொட்டியும் வாங்கித் தருவார், காசு கொடுக்க விடமாட்டார். நாடு எரிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களிலும் அந்த லொறிக்குள் நான் சிரித்துக்கொண்டுதான் போனேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் டீசல் மணம் வந்தால் அவருடைய ஞாபகம்தான் முதலில் வருகிறது.

அது மழை பொய்த்த வருஷம். நீர்த்தேக்கங்கள் வற்றி, பின்னேரம் விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்துக் கரண்டை வெட்டினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிள்ளைப்பேறு பார்ப்பவர் பிலோமினா மிஸ்ஸி. ஃபாக்டரி ஒஃபீசில் தோட்டத்து மனேஜர் பெரிய துரையும் அவரும் நானும் கூடினோம்.

"போன கிழமை டோர்ச் வெளிச்சத்துலதான் தையல் போட்டேன். டோர்ச் புடிச்சது புள்ளத்தாச்சியோட மாமியா. அவங்களுக்கும் கை நடுக்கம்" என்றார் மிஸ்ஸி.

துரை டீசல் ஜெனரேட்டர் என்றார். சொன்ன வாயாலேயே வேண்டாம் என்றும் சொன்னார். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். டீசல் புகை பிடித்த தேயிலையை யார் வாங்குவான்?

என் யோசனை பற்றரி. கழித்துவிட்ட பழைய கண்ணாடி செல்கள், ஒன்றுக்கு இரண்டு வோல்ட், மலிவாகக் கிடைத்தன. இருபத்துநாலைக் கோர்த்தால் நாற்பத்தெட்டு வோல்ட். பகலில் சார்ஜ் பண்ணி, இருட்டியதும் எரிக்கலாம்.

மிஸ்ஸி ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபாக்டரிக்குப் பின்னால வெள்ளக்காரன் வச்ச டர்பைன் சும்மாதானே கெடக்கு? மேல இருக்குற குளத்துல சேற அள்ளுனா, ஊத்துத் தண்ணி பகல் முழுக்க நிக்கும். சாயந்தரம் தொறந்து விட்டா சுத்தும். தண்ணியத் தேக்குனா கரண்ட்டத் தேக்குன மாதிரிதானே சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஸ்ஸி, நீங்கள் பிள்ளைப்பேறைப் பாருங்கோ, கரண்டை நான் பாக்கிறன்" என்றேன். எவ்வளவு வாய்க்கொழுப்பு!

"பாருங்க. ஆனா பேட்டரி ரோட்டுலதானே வரணும்? ரோடு இப்ப யாரு கையில இருக்கு?"

துரை என் பக்கம் நின்றார். சேறு அள்ள ஆள் விட அவருக்கு மனமில்லை.

2. கடிதம்

நாசர் நானாவின் லொறியில் செல்கள் வந்தன. துரை இங்கிலிஷில் கொடுத்த கடிதம் இருந்தபடியால் ரோட்டில் சோதனை போடுகிற சென்றியில் மறிக்கவில்லை. இறக்கிப் பார்த்தபோது இரண்டின் கண்ணாடி கீறலோடியிருந்தது. நாசர் நானா வெறும் லொறியோடு திரும்பினார். வேர்க்‌ஷொப் முதலாளிக்கு நான் தமிழில் எழுதி அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தேன்:

"இருபத்துநாலு செல்லும் வந்து சேர்ந்தது. இரண்டு வெடிச்சுப் போச்சு. மிச்சத்தை ஃபாக்டரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். கையிருப்புக்கும் சேர்த்து இன்னும் ஆறு செல் உடனே அனுப்பவும்."

எங்கள் ஊரில் கண்ணாடி கீறினாலும் வெடிச்சுப் போச்சு என்றுதான் சொல்வோம். அதுவும் போதாதென்று, வடக்கில் அப்போது செல் என்றால் பீரங்கிக் குண்டு. தங்கச்சி எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் "நேற்றும் செல் அடி" என்று இருக்கும். அதை வாசித்து அழுதிருக்கிறேன். அழுத அதே ஆள்தான் இந்தக் கடிதத்தை எழுதினேன். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊர்ச் சொல் மாறிப்போனது உறைக்கவில்லை.

சென்றியில் வடக்கில் வேலை பார்த்துத் திரும்பிய கொன்ஸ்டபிள் ஒருவன் இருந்தான். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பான். வாசித்தான்.

3. முதல் நாளும் இரண்டாம் நாளும்

அடுத்த நாள் காலை முதலாளி ஃபாக்டரிக்குப் போன் எடுத்தார். "உன்ர கடதாசியோட நாசரைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். நீ அந்தப் பக்கம் போயிடாத. ஐடென்டிற்றியில பிறந்த இடத்தைக் கண்டாங்களெண்டால் நீயும் உள்ளதான்."

நான் போகவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே பொய். அன்று முழுவதும் செல்களுக்கு நடுவில் ஒரு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலை மிஸ்ஸி வெள்ளை யூனிஃபோர்மோடு வந்து நின்றார். கீறலோடிய செல் ஒன்றைப் பெட்ஷீற்றில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

"வேன் சொல்லியிருக்கேன், ஏறுங்க சார்."

"என்னையும் பிடிச்சாங்களெண்டால்?"

"புடிச்சா ரெண்டு பேரா இருப்பீங்க. இப்ப அவர் ஒத்தையில கெடக்குறாரு."

ஏறினேன்.

பொலிஸில் சார்ஜனின் மேசையில் மிஸ்ஸி செல்லை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "இதுதான் செல். இதுதான் வெடிச்சது. கண்ணாடியில கீறலப் பாருங்க. புள்ள பொறக்குற எடத்துக்கு வெளக்குப் போட வாங்குனது."

கடிதத்தை வாசித்த அந்தக் கொன்ஸ்டபிள் குனிந்து உள்ளே ஈயத் தகடுகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்ச செல் வேற, ஐயா. அந்தச் சொல்லக் கேட்டா நாங்க குப்புறப் படுப்போம்."

"எங்கட வீட்டுச் சனமும் அப்பிடித்தான் தம்பி" என்றேன்.

அவர்கள் ஃபாக்டரிக்கு ஜீப் அனுப்பி, மிச்சத்தை எண்ணிப் பார்த்தார்கள். பின்னேரம் நாசர் நானாவை விட்டார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. "மிஸ்ஸிக்கு டீ சொல்லுங்க பாஸ்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

4. குளம்

விசாரணைக்கென்று செல்களை ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவேயில்லை. துரை இந்த முறை மறுபேச்சில்லாமல் ஆள் விட்டார். சேற்றை அள்ளி முடித்தார்கள். நான் டர்பைனுக்கு பெயாரிங் மாற்றி, கிறீஸ் போட்டு, டிஸ்பென்சரிக்கு வயர் இழுத்தேன். முதல் பின்னேரம் மடையைத் திறந்ததும் பல்ப் சிவந்து, மங்கி, பிறகு பளிச்சென்று பிடித்தது. தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து வந்த லயத்துச் சனம் கைதட்டியது.

"இனி நீங்க பல்பு மாத்துனா போதும் சார்" என்று மிஸ்ஸி என்னை வாரினார். அதற்குப் பிறகு அங்கே பிறந்த எத்தனையோ பிள்ளைகள் கண் திறந்தது அந்த வெளிச்சத்தில்தான். நினைத்தால் இன்றைக்கும் மனம் குளிர்கிறது.

கணக்காகப் பார்த்தால் என் பற்றரி மோசமான யோசனை இல்லை. குளத்தை விட அதில் வீணாவது குறைவு. ஆனால் நான் வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்தேன். அதை எந்த ரோட்டால், யார், எந்தப் பெயரோடு கொண்டு வர வேண்டும் என்று பார்க்கவில்லை. மிஸ்ஸி அதைத்தான் முதலில் கேட்டார். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் வாதத்திலும் அந்தக் கேள்வியை முதலில் வையுங்கள்.

நாசர் நானா அதன் பிறகும் பல வருஷம் என்னோடு லொறி ஓட்டினார். ஆனால் என் கையால் எழுதிய கடதாசியை மட்டும் வாங்கமாட்டார். "வாயால சொல்லுங்க பாஸ், மனசுல வெச்சிக்கிறேன்" என்பார். சொன்னதில் ஒரு ஃபியூஸ்கூடக் குறையாமல் கொண்டு வருவார்.

முதல் நாள் ஏன் வரவில்லை என்று அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.