நாத்தனாருக்கு அளந்த தண்ணீர்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிறவள், நாலு பேர் படிக்கும்படி எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். எழுதத் தெரிந்து எழுதவில்லை. யாரிடமும் வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

செஞ்சி பஸ் நிலையத்தில் வாங்கிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அது. மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வீட்டில் வைத்துக்கொண்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு அதை நிரப்பி என் நாத்தனாரின் கட்டில் ஓரம் வைப்பேன். மாத்திரைக்கு, தாகத்துக்கு, விக்கலுக்கு, எல்லாவற்றுக்கும் மறுநாள் காலை ஆறு வரை அவருக்கு அவ்வளவுதான். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்துக்கு டயாலிசிஸ் போய்வந்துகொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முகத்திலும் காலிலும் நெஞ்சிலும் தங்கும். செஞ்சியில் பங்குனி பிறந்துவிட்டால் மூன்று மலையும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் நம் மேல் கக்கும். அந்த வெயிலில் அரை லிட்டர்.

அவர் என் கணவரின் அக்கா. புருஷனை இழந்து, பிள்ளையில்லாமல், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே தாய்வீடு திரும்பியவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊமக்கோட்டான் என்பார். தலைப்பொங்கலுக்கு என் அப்பா தோளில் சுமந்து வந்த கரும்புக் கட்டை, அப்பாவின் கண்ணெதிரிலேயே நாத்தனார் அவிழ்த்து மாட்டுக்குப் போட்டார். "தித்திப்பே இல்ல மாமா, மாடாச்சும் துன்னட்டும்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பஸ் ஏறும் வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கத் தெரியாமல் நின்றிருந்தார்.

ஆனால் வெளியாட்களுக்கு அவர் வந்தால் கொண்டாட்டம்தான். டயாலிசிஸ் வார்டில் நர்சுகளுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். ஊசி குத்தும்போது, "மிசினு என் ரத்தத்த உறிஞ்சாலும் திருப்பிக் குட்த்துடுதும்மா. என் தம்பி பொண்டாட்டி அப்டியில்ல, உறிஞ்சினா உறிஞ்சதுதான்" என்பார். வார்டே சிரிக்கும். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

ஒரு நர்சம்மா எனக்குப் பொறுமையாக விளக்குவார். இயந்திரத்தில் மாட்டியிருந்த கண்ணாடி போன்ற குழாயைக் காட்டினார். உள்ளே முடியை விட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில். இழைக்குள்ளே ரத்தம், வெளியே மருந்து கலந்த தண்ணீர். அதிகமாக இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்கு அழுக்கும் உப்பும் தானாகவே போய்விடுமாம். எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, உள்ளே மட்டம் ஏறியதைக் குண்டூசி குத்திக் காட்டினார் டீச்சர். ஏன் ஏறியது என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்திருக்கவில்லை.

வீட்டுச் சமையலும் அதே பாடம்தான். காயை நறுக்கி ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காயிலுள்ள பொட்டாசியம் அதோடு போய்விடும். "இவங்களுக்கு அது ஏறினா நெஞ்சு பொசுக்குன்னு நின்னுடும்க்கா. எளநி மட்டும் கண்ணுலயே காட்டாதீங்க" என்றார் நர்சம்மா. எதெது ஆகாது என்று ஒரு தாளும் கொடுத்தார். நாத்தனாருக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளுக்கு நான்தான் வாய்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மொணறு குட்றி, வாயி காஞ்சிபோவுது" என்பார். "அவ்ளோதாங்க்கா" என்பேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் நடுங்காது. டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் ஒருநாள் பாட்டில் கைதவறிக் கவிழ்ந்து பாதிக்குமேல் கொட்டியபோது நான் நிரப்பவில்லை. அதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. தரையில் ஓடிய தண்ணீரைத் துணியால் துடைத்தேன். அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைக்குப் போய் நான் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். தொண்டைச் சத்தம் அவருக்குக் கேட்கும்படி குடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு வெற்றிலை என்றால் உயிர். தாளில் வெற்றிலை இல்லை. அதுவும் கூடாதென்று எழுதியிருப்பதாக நானாகச் சொன்னேன். ஒரு மாதம் நம்பினார். பிறகு ஒருநாள் வார்டில் நர்சம்மாவிடமே கேட்டுவிட்டார். "ஒண்ணு ரெண்டு போட்டா ஒண்ணும் ஆவாதும்மா, யாரு சொன்னது?" என்றார் அவர். நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அன்றிலிருந்து அந்தத் தாளில் இருப்பதாக நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, மத்தியானம். என் மாமியாரின் தங்கை சிங்கவரத்திலிருந்து மகனோடு உடம்பு விசாரிக்க வந்தார். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். சொந்தத் தோப்பு இளநீர் ஒரு குலையும் அரிவாளும் கொண்டுவந்திருந்தார்கள். நாத்தனார் அழுதார். "பாரு சின்னம்மா, காய வேகவச்சி சாரத்தையெல்லாம் ஜலதாரில ஊத்திட்டு சக்கைய போடறா. குடிக்கத் தண்ணி கூட அளந்துதான்."

"அடிப்பாவி, தாகத்துக்குத் தண்ணி குடுக்காதவ வூடு வெளங்குமா?" என்றார் சின்னம்மா. மகன் முதல் இளநீரைச் சீவினான்.

நான் சமையலறை வாசற்படியில் நின்று, "எளநி வேணாம்னு நர்சு சொன்னாங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னா முணுமுணுக்கற?" என்றார் சின்னம்மா.

"ஊமக்கோட்டான் பேசுது சின்னம்மா, கேட்டுக்கோ. இவ வெத்தலைக்கும் இப்டித்தான் சொன்னா" என்றார் நாத்தனார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் இளநீரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. "வந்து புடுங்கேன்டி பாக்கலாம்" என்றார்.

பிடுங்கியிருக்கலாம். நெஞ்சு நின்றுவிடும் என்று ஒரு கத்து கத்தியிருக்கலாம். நான் உள்ளே போய் அடுப்பைத் துடைத்தேன். அரிவாள் சத்தத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. கூச்சத்தால் வாய் திறக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்குள் சொல்லிவந்தேன். அவர் தனியாக இருக்கும்போது வராத கூச்சம் அது.

விளக்கு வைத்தபிறகு அவர் கூப்பிட்டார். விருந்தாளிகள் போயிருந்தார்கள். "காலு ரெண்டும் கல்லாட்டம் கனக்குதுடி. தூக்கவே வரல. நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னுது" என்றார். குரலில் கேலி இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் சொன்னது நிஜமோ என்ற கேள்வி. வேர்க்கடலை லோடு இறக்கிவிட்டு வந்த என் கணவர் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோடு ஆட்டோ வாசலிலேயே நின்றது. விழுப்புரம் ஒரு மணிநேரம். நாலு இளநீர் என்ற இரண்டு வார்த்தை போதும், அவர் கை கழுவாமல் எழுந்து ஓடியிருப்பார்.

"நாளைக்கு மிசின் வச்சா சரியாப் பூடும், படுங்கக்கா" என்றேன். போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"வெளக்க அணைக்காத" என்றார். அணைக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸுக்குக் கிளப்ப எழுப்பினேன். உடம்பு சில்லிட்டிருந்தது. சிங்கவரத்தார் வந்து, கடைசியாகத் தாங்களாவது அவர் வாயை நனைத்தோமே என்று சொல்லி அழுதார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பத்து மணிக்கு நர்சம்மா போன் செய்து, படுக்கை காலியாக இருக்கிறது, வருகிறீர்களா, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்றேன்.