தமிழில் வந்த வசவு

பந்து கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே விழுந்தது. "அவுட்" என்று கையை நீட்டினேன். அவன் நேராக என்னிடம் நடந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என் அம்மாவையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். தமிழில்தான் சொன்னான்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் நடந்த சிறிய தொழில்முறை டென்னிஸ் போட்டி அது. மலாக்காவை ஒட்டிய செங் பகுதியில் பார்த்த தொழிற்சாலை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கோட்டு நடுவராக நின்றிருந்தேன். அவன் புலாவ் செபாங் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லாரி டிரைவரின் மகன். எங்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன முதல் ஆள். அவனைப் பார்க்க இரண்டு பஸ் நிறைய எங்கள் சனம் வந்திருந்தது.

உயர்ந்த நாற்காலியில் நடுவராக இருந்தவரை நாங்கள் அக்கா என்போம். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். அவன் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போன சனிக்கிழமைகளிலெல்லாம் டிக்கெட் கொடுத்து அனுப்பியவர். அன்றைய அதிகாரிகளில் எங்கள் இருவருக்குத்தான் தமிழ் தெரியும். அக்காவின் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வசவு வாங்கியவள் நான்தான். ஆனாலும் அவன் ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது.

அக்கா மைக்கை எடுத்தார். தகாத பேச்சுக்கு எச்சரிக்கை. அவன் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான்; ஒரு புள்ளி போயிற்று. ஆத்திரத்தில் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தான். ஒரு கேம் போயிற்று. கடைசி செட்டில் நான்குக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்தான். அந்தக் கேமோடு ஆட்டமே முடிந்தது.

வெளியே அவன் அப்பா வழியை மறித்தார். "நம்ம பையன் லா! காதுல விழலன்னு விட்டிருக்கக் கூடாதாம்மா? அந்த வெள்ளக்காரத் தலைமை நடுவருக்கா தமிழ் புரியப் போவுது?"

"எனக்குப் புரிஞ்சிச்சே மாமா," என்றார் அக்கா. "எதிர்ல ஆடுன பையன் இப்படிப் பேசியிருந்தா நீங்க விடச் சொல்வீங்களா?"

மாமா திரும்பி பஸ்ஸை நோக்கி நடந்தார்.

தலைமை நடுவருக்குப் போகும் அறிக்கையில் சாட்சிக் கையெழுத்துக்கு இடம் இருந்தது. அக்கா பேனாவை மேசைமேல் வைத்தார். "இஷ்டம்னா போடு. நீ போடலன்னாலும் நான் எழுதுனது எழுதுனதுதான்."

அதே தோட்டத்தில்தான் என் அம்மா இருந்தார். கோயிலிலும் கடையிலும் நாளைக்கு அவர் மாமா வீட்டார் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் முழுக்க மாமா, அக்காவின் கவுண்டரை விட்டுவிட்டு அடுத்த வரிசையில் நின்றார். என் அம்மாவிடம் பாதித் தோட்டம் பேசவில்லை.

மறுவருடம் அவன் மீண்டும் ஆட வந்தான். அக்காதான் நடுவர். முக்கியமான கட்டத்தில் மறுபடி நான் "அவுட்" சொன்னேன். நாலடி வந்தான். உதடு அசைந்தது. அப்படியே திரும்பிப் போய் அடுத்த பந்தைப் போட்டான். ஜெயித்தான். போகும்போது என்னிடம், "அன்னிக்குப் பேசுனது தப்பு, மன்னிச்சிரு," என்றான். அக்காவிடம் மட்டும் கடைசிவரை பேசவில்லை.

"பேச வேணாம். ஒழுங்கா ஆடுறான்ல, போதும்," என்றார் அக்கா.

இன்று அந்த உயர்ந்த நாற்காலியில் நான் ஏறுகிறேன். கூட்டத்திலிருந்து யாராவது "நம்ம பிள்ளை லா" என்று குரல் கொடுத்தால் பாதித் தோட்டம் பேசாமல் விட்ட அம்மாவை இப்போதும் நினைத்துக்கொள்வேன். ஆனாலும் தகாத பேச்சு காதில் விழுந்தால் மைக்கை எடுத்துவிடுவேன்.