புட்டுக்கு இடம் தந்த மலை

மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் பெண் வீட்டுக்கு வர வேண்டும் என்பது விதி. தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து, அவர்களில் மூத்தவர் ஒருவர் பேச்சைத் தொடங்க வேண்டும். பெண்ணின் தகப்பன் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும். அந்த யோசிக்கும் முகத்தை நான் பல வருடங்களாகத் தயாராக வைத்திருந்தேன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் மகளின் மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பனிச்சறுக்கு மலைக்குக் கூப்பிட்டார்கள்.

பையன் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரன். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைதான். மலைக்கு அழைப்பதும் வீட்டுக்கு அழைப்பதும் ஒன்றுதான் என்று மகள் விளங்கப்படுத்தினாள். அதை நான் ஏற்றுக்கொண்டேன். சிக்கல் பையனின் தகப்பன். சிறுவயதில் பாதிரிமாரிடம் படித்து, அவர்களோடு கோபித்து வெளியேறியவர். அதற்குப் பிறகு எந்தச் சமயச் சடங்குக்கும் போனதில்லை. சொந்தத் தங்கையின் கலியாணத்துக்கே தேவாலயத்துக்கு வெளியே காருக்குள் இருந்தாராம். என் மகளுக்கோ கலியாணம் கோயிலில் நடக்க வேண்டும், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் மணவறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் வராவிட்டால் பையனின் தாயும் வரமாட்டார்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் கோயில் கதை எடுக்கக்கூடாது," என்றாள் மகள்.

"கேக்கிறதிலை என்ன பிழை பிள்ளை? விண்ணப்பம் குடுத்தால் பதில் வரத்தானே வேணும்."

"இது உங்கட ஒஃபீஸ் இல்லை அப்பா. வாயைத் திறந்தீங்களோ, கலியாணம் நகரசபையிலைதான்."

என் வாயை மூடி வைக்க அவள் எனக்கொரு வேலையும் தந்தாள்: எல்லோருக்கும் ஏற்ற மலை ஒன்றை நானே தெரிவு செய்ய வேண்டும். லொங்குய் நகரில் ஒரு அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் துருவிப் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இது கரும்பு. விளம்பரப் புத்தகங்களைச் சேர்த்தேன். தொலைபேசியில் கேள்விகள் கேட்டேன். தகப்பனுக்குக் கறுப்பு வைரம் போட்ட செங்குத்துப் பாதை வேண்டும். பையனுக்கும் மகளுக்கும் நடுத்தரமான நீலச் சதுரம். தாய்க்கு இடுப்பில் ஒப்பரேஷன் செய்திருந்தது. மெல்ல நடக்க ஒரு காட்டுப் பாதை போதும். நானும் மனைவியும் எங்கள் வீட்டு வாசற்படியில் மட்டும் சறுக்கிப் பழகியவர்கள். எல்லா மலைகளும் தாங்கள் 'அனைவருக்கும் ஏற்றவை' என்றே எழுதியிருந்தன. அப்படி எழுதிய எத்தனையோ பேரின் விண்ணப்பங்களை நான் நிராகரித்திருக்கிறேன்.

பெயர்பெற்ற ஒரு பெரிய மலையைத் தெரிவு செய்யும் தறுவாயில் மனைவி குறுக்கிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அங்கை எங்கட சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சாப்பிட விடுவினமோ?"

"அங்கையே கடை இருக்கு."

"முதல் முதல் காணிற சம்பந்திக்குக் கடையிலை வாங்கின உருளைக்கிழங்குப் பொரியலோ குடுக்கிறது? நல்லாயிருக்கு உங்கட முறை!"

நான் முறை தவறியதாக என்னிடமே ஒருத்தி சொல்வது இதுதான் முதல் தடவை. மறுபடி தொலைபேசியை எடுத்தேன். பெரிய மலைகளில் வெளிச் சாப்பாட்டுக்கு இடமில்லை என்றார்கள். வடக்கே ஒரு சின்ன மலையில் மட்டும் ஒரு பெண் சிரித்துவிட்டு, கீழே மண்டபம் இருக்கிறது, கொண்டு வாருங்கள், சூடாக்கவும் வசதி உண்டு என்றாள். என் வாழ்நாளில் ஒரு விண்ணப்பக் கோப்பை இவ்வளவு விரைவாக நான் மூடியதில்லை. செங்குத்துப் பாதை அங்கே ஒன்றே ஒன்றுதான் என்பதை மகளிடம் சொல்லவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று பிரெஞ்சில் கேட்டார். என் பிரெஞ்சுக்கே அது விளங்கியது. முக்கியமான பத்திரம் இல்லாமல் வந்த விண்ணப்பதாரரை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவி அவித்துத் தந்த புட்டுச் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தி சறுக்குக் கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். பிள்ளைகள் இருவரும் பின்னால் போனார்கள். சம்பந்தியம்மா காட்டுப் பாதையில் சற்று நடந்துவிட்டு உள்ளே வந்து, என் மனைவியோடு பெரிய கண்ணாடி யன்னலருகே அமர்ந்தார். இருவருக்கும் பொதுவான மொழி சிரிப்பு மட்டுந்தான். நான் புதிதாகப் பழகுபவர்களுக்கென்று பச்சை வட்டம் போட்ட பாதையை வெளியே நின்று பார்வையிட்டேன், அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். சின்ன மலை என்பதால் எல்லாப் பாதைகளும் அந்த யன்னலுக்கு முன்னால் வந்துதான் முடிந்தன. சம்பந்தி கறுப்புப் பாதையால் வெட்டி வெட்டி இறங்கி வந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி கையசைத்தார். அவர் திகைத்து நின்றுவிட்டுத் தன் கோலை உயர்த்திக் காட்டினார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கி, முதல் வேலையாக யன்னலைப் பார்த்தார்.

மகள் களைத்து உள்ளே வந்தபோது சம்பந்தியம்மா அவளிடம் ஏதோ சொன்னார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஒப்பரேஷனுக்குப் பிறகு இவ மலைக்கு வாறதே இல்லையாம். பெரிய மலையிலை அவர் ஒரு பக்கத்தாலை போவார், இவ எங்கையோ தனிய இருக்கோணும். அவர் சறுக்கிறதைப் பாத்துக் கனகாலமாம். நல்ல மலை எடுத்தீங்கள் எண்டு சொல்லச் சொன்னவ."

"எல்லாம் யோசிச்சுத்தான் எடுத்தனான்," என்றேன். சரியான முடிவுக்குக் காரணத்தைப் பிறகு எழுதிச் சேர்ப்பது அலுவலகத்தில் நான் பழகிய கலை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் புட்டு இருந்தது.

மதியம் சம்பந்தி தானாகவே நேரத்தோடு உள்ளே வந்தார். புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் சாப்பிட்டு, இரண்டாந்தரமும் தட்டை நீட்டினார். நான் மகளுக்குக் கொடுத்த வாக்கின்படி வாயை மூடியிருந்தேன். மனைவி எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

"பிள்ளை, அவரிட்டைச் சொல்லு, கலியாணத்திலை இதிலும் பாக்க நல்ல சாப்பாடு எண்டு. அவர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, பொடியனுக்குப் பக்கத்திலை இருந்தால் காணும்."

மகளின் முகம் வெளிறியது. ஆனாலும் மொழிபெயர்த்தாள். சம்பந்தி மெல்லுவதை நிறுத்தினார். தன் மனைவியைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"முழங்காலிலை நிக்கோணுமோ எண்டு கேக்கிறார்."

"ஐயையோ, கதிரை குடுப்பம்!" என்றாள் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த யோசிக்கும் முகம் நான் எனக்காக வைத்திருந்தது.

அதன்பின் அவரிடமிருந்து ஒரு மூச்சும் இல்லை. நினைவூட்டல் அனுப்பலாமா என்று கேட்டேன். மகள் அழுகிற நிலையில் இருந்தாள். மனைவி மட்டும், "ரெண்டாந்தரம் புட்டு கேட்ட மனிசன். பேசாமல் இருங்கோ," என்றாள்.

கடைசியில் தொலைபேசி வந்தது. கோயிலுக்கு வருவார், மகனுக்குப் பக்கத்தில் இருப்பார். ஐயர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல மட்டும் மாட்டார். எங்களிலும் யார் விளங்கித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. மகள் தொலைபேசியை வைத்துவிட்டு, நிலத்தில் அமர்ந்து அழுது சிரித்தாள். நான் கலண்டரில் குறித்துக்கொண்டேன்: பதில் கிடைத்தது, மார்ச் ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை.