உழவுக் குதிரையின் முன்னால் என் மகள்

அமெரிக்காவில், பிளானோவில் இருந்தபோது எங்கள் மகளுக்கு நான்கு வயதாகப் போகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இரண்டு மொழி இருந்தால் குழந்தை குழம்பிவிடும், இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள். படித்தவர்கள் அல்லவா, அப்படியே செய்தோம். நிலா மூன் ஆனது, சோறு ரைஸ் ஆனது. என் இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போதும், பிள்ளையைக் கொஞ்சப் போதாது. மாதக்கணக்கில் இப்படிப் பேசியும் பலன் இல்லை. நாம் சொல்வது இவளுக்குப் புரிகிறதா என்பதே சந்தேகம் என்றார் அந்த அம்மாள். அன்று காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவளுக்குப் பிடித்த ஒரே இடம் ஊர்ப் பூங்கா. அங்கே பழைய பண்ணை ஒன்றை அப்படியே வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய குதிரைகள் கலப்பை இழுக்கும். குளம்பு ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. வேலிபோல் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்காகப் பார்ப்பாள். நானும் வேறு போக்கிடம் இல்லாமல் நிற்பேன்.

ஒருநாள் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடி நிமிர்கிறேன், கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தாள். குதிரைகள் ஒரு சால் உழுது முடித்து அவள் பக்கம் திரும்பின. பின்னால் கடிவாளம் பிடித்து வந்தவருக்குக் குதிரைகளின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"ஸ்டாப்! பேபி, ஸ்டாப்!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் இங்கிலீஷ். அவள் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"நில்லுடி! அங்கயே நில்லு கண்ணு!"

நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஓடிப்போய் வாரி எடுத்தேன். அந்த மனிதர் பதறிப்போய்க் குதிரைகளை இழுத்து நிறுத்தினார். எத்தனை முறை சாரி சொன்னேனோ தெரியாது.

வீடு போகும்வரை கார் ஓட்டிக்கொண்டே தமிழில் திட்டினேன், கொஞ்சினேன், மறுபடி திட்டினேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "இனிமே இவகிட்ட தமிழ்லதான் பேசப் போறேன்."

"ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டாம்னு சொல்றாங்களே. ரிஸ்க் எடுக்கணுமா? அப்புறம் இவ பேசாமலே போயிட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பேசலன்னா பேசாம இருக்கட்டும்," என்றேன். "நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா. இத்தனை மாசமா நாமதான் அவளைக் கூப்பிடவே இல்ல."