அநாதை ஏற்பிக்கு ஆள் தேடியவள்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் 'தரகரக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பொருத்தம் பார்த்தது ஓர் அநாதை ஏற்பிக்கு. ஈரல் செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் புரதம் அது. அந்தக் குடும்பத்துப் புரதங்களில் பலவும், ஒரு ஹார்மோன் வந்து உட்கார்ந்தால்தான் மரபணுவை முடுக்கிவிடும். இதற்குரிய ஹார்மோன் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அநாதை.

கல்யாணமான புதிதில் தேட ஆரம்பித்தாள். மகள் பள்ளிக்கூடமே போகத் தொடங்கிவிட்டாள். இவள் இன்னும் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்த செல்களின் மேல் ஒவ்வொரு பொருளாகச் சொட்டிக்கொண்டிருந்தாள். ஏற்பி வேலை செய்தால் செல் மினுங்கும்படி ஏற்பாடு. மினுங்கத்தான் செய்தது, சனியன்! எதைச் சொட்டினாலும் மினுங்கியது. எதுவுமே சொட்டாத காலிக் குழியும் மினுங்கியது. அப்படியானால் எங்கோ அழுக்கு என்பது அவள் முடிவு. செல்லுக்கு உணவாக ஊற்றும் ரத்தச் சீரத்தில் ஹார்மோன் ஒட்டியிருக்கும் என்று கரி போட்டு வடிகட்டினாள். பிளாஸ்டிக் குழாயைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடிக்கு மாறினாள். கடைசியில் தன் கைக் கிரீமைக்கூடக் குப்பையில் போட்டாள். இவ்வளவு படித்தவளுக்கு இப்படியொரு பிடிவாதம்!

"அதுக்கு ஆள் கிடைச்சுதா?" என்று நாத்தனார் சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்பாள்.

"உங்க தம்பியத்தான் கட்டி வெக்கணும் அண்ணி."

ஆய்வகத் தலைவருக்கும் பொறுமை போயிற்று. "இந்த மாசக் கூட்டத்துக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா செல்லையெல்லாம் கொட்டிடுங்கம்மா. ஃப்ரீசர்ல இடமில்ல."

கூட்டத்துக்கு முந்தின நாள், புரதங்களின் வடிவத்தைப் படமெடுக்கும் பக்கத்து ஆய்வகத்துக்காரர் அவளுடைய ஏற்பியைத் திரையில் சுழற்றிக் காட்டினார்.

"ஹார்மோன் உட்கார்ற இடம் எங்க சார்?"

"இடமே இல்லீங்க. அதோட சொந்தக் கிளையே உள்ள மடங்கி அடைச்சிருக்கு. யாரும் வராமலே முடுக்கின நிலையிலதான் நிக்குது."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழுக்கு அழுக்கு என்று எத்தனை தட்டுகளைத் தூக்கிப் போட்டிருப்பாள்! அந்தக் காலிக் குழிகள் அத்தனையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

மறுநாள் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி அதை அப்படியே சொன்னாள். "அதுக்கு ஆளே வேண்டாம் சார். என் தேடல் முடிஞ்சுது."

தலைவர் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "சரி, செல்லைக் கொட்ட வேண்டாம். ஆனா எந்நேரமும் ஓடிக்கிட்டே இருந்தா ஈரல் என்னத்துக்கும்மா ஆகும்? அத நிறுத்தறது எதுன்னு தேடுங்க."

அவள் தலையாட்டினாள். 'அடப்பாவி மனுஷா' என்று வாய்க்குள் முனகிக்கொண்டே புதுத் தட்டு எடுக்கப் போனாள்.