பொடி இல்லாத பாட்டில்

மார்லிஸ் ஹாப்னர் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அவள் அண்ணன் வெர்ன் சொல்வான். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. சிறுமியாக இருந்தபோது மற்ற பிள்ளைகள் ஏரியில் குளித்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்கு ஓடுவார்கள்; இவள் கரையில் செத்து ஒதுங்கிய மீனின் செவுளைக் குச்சியால் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்ட பிள்ளை வளர்ந்து வேறென்ன வேலைக்குப் போகும்? கொலம்பஸ் நகரத்தில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள், பெரிய நகரங்கள் கூப்பிட்டும் போகாமல், ஈரி ஏரிக்கரையில் சொந்த ஊரான ஹெரன் பாயிண்டுக்கே திரும்பி வந்து, அங்கிருந்த சின்ன ஆய்வு நிலையத்தில் சேர்ந்தாள்.

வயல்களில் போடும் உரம் வசந்த மழையில் கரைந்து ஆற்றோடு ஏரிக்கு வரும். ஆகஸ்டில் அதைத் தின்று பச்சைப் பாசி பெருகும். அதில் ஒரு வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சைக் கக்கும். ஊரே குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். மார்லிஸ் தலை நரைக்கும்வரை செய்த வேலையெல்லாம் அந்த நஞ்சை அளப்பதுதான். விவசாயிகள் கூட்டத்தில் அவள் உரக் கணக்கைப் பேசப்போக, "முதல்ல உங்க வீட்டு கக்கூஸ் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க டாக்டர்" என்று ஒருவர் கத்தினார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய அடி முந்தைய கோடையில் விழுந்தது. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு முன்னால் குழாய் நீரில் நஞ்சு இருக்கிறது என்று எச்சரித்தாள். வெளியூர்க்காரர்கள் அறைகளை ரத்து செய்தார்கள். மீன்பிடிக்க ஆள் ஏற்றிப் போகும் வெர்னின் படகுகள் துறையில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. பிறகு வேறொரு ஆய்வகம் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டது. அடுத்து வந்த ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் ஒருவன் உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, "குடிக்காதே! குடிக்காதே!" என்று அலறியபடி போனான். இன்னொரு முறை இப்படி நடந்தால் பொறுக்க மாட்டோம் என்று நிலையத்தின் நிர்வாகிகள் நாசூக்காகச் சொன்னார்கள்.

ஆகவே இந்த ஆகஸ்டில், பாசி பெயிண்ட் கொட்டினாற்போலப் படர்ந்து நின்றபோது, அவள் குழாய் நீரை எடுத்துச் சோதித்தாள். அளவு வரம்புக்குக் கீழே வந்தது. ரேடியோவில் தானே பேசினாள்: "தாராளமா குடிக்கலாம்." அன்று மாலை வெர்ன் பொரித்த பெர்ச் மீனைத் தட்டு நிறைய அள்ளிக் கொடுத்தான். பக்கத்தில் அவன் மகள் ட்ரூடி குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, கைக்குழந்தை ஓட்டோவுக்குப் பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு மார்லிஸ் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நிலையத்தில் பாட்டில் அலமாரியைத் திறந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏரி நீர் எடுக்க வெறும் பாட்டில். குழாய் நீர் எடுக்க, அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி போட்ட பாட்டில். குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. அந்தப் பொடிதான் அதை முறிக்கும். பொடி இல்லாவிட்டால் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே நஞ்சை மெல்ல மெல்லத் தின்றுவிடும், சோதனை அளவைக் குறைத்துக் காட்டும். பொடி பாட்டில்களின் அட்டைப்பெட்டி ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தது. பதற்றத்தில் அவள் வெறும் பாட்டிலை எடுத்துப் போயிருக்கிறாள். முதலாண்டு மாணவர்களைத் திட்டும் தவறு அது.

முதலில் நினைவுக்கு வந்தது ஓட்டோ. ட்ரூடியின் வீடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடுத்த தெரு; குளோரின் முழுதாக வேலை செய்யுமுன்னே தண்ணீர் அங்கே குழாய்க்கு வந்துவிடும். அதுவும் காய்ச்சுகிறாள்! காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது; நீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.

சரியான பாட்டிலில் மறுபடி நீர் எடுத்து, பாசிக்குள் இருக்கும் நஞ்சும் வெளிவர உறைய வைத்து, உருக்கி, அதையே திரும்பத் திரும்பச் செய்து, சோதித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். சுத்திகரிப்பு நிலையத்துப் பொறுப்பாளர் ஆர்லோவைக் கூப்பிட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க டாக்டர்" என்றார் அவர். "நாளைக்கு மீன் திருவிழா. சும்மா சந்தேகத்துக்கு மறுபடியும் ஊர மூடச் சொல்றீங்களா? இந்தத் தடவை உங்கள உயிரோட கொளுத்திடுவாங்க."

அவர் சொல்வதும் சரிதானே என்று அவளுக்குப் பட்டது. எப்போதும் பயந்து சாகிறவளுக்கு நிஜமான பயத்தை எப்படி அடையாளம் தெரியும்? ஆனால் விரல்கள் ட்ரூடியின் எண்ணை அழுத்திவிட்டன. எடுத்தவன் அங்கே வந்திருந்த வெர்ன்.

"ட்ரூடிகிட்ட சொல்லு, குழந்தைக்குக் கொழாத் தண்ணி வேண்டாம். காய்ச்சியும் குடுக்க வேண்டாம். கடையில வாங்கிக்க. வேற யார்கிட்டயும் இப்ப சொல்லாத."

"நேத்து ரேடியோல பேசினது நீதான?"

"பாட்டில் மாறிப்போச்சு வெர்ன். தப்பு என்னோடது. சாயங்காலம்தான் உறுதியாத் தெரியும்."

திருவிழாவுக்கு அவன் படகுகள் அத்தனைக்கும் ஆள் பதிவாகியிருந்தது.

"ஏன் மார்ல், எதிர் வீட்லயும் ஒரு பச்சப்புள்ள இருக்கே. அதோட அம்மாவுக்கு யார் போன் பண்ணுவா?"

வெட்கத்தில் காது சுட்டது. ஆர்லோவை மறுபடி அழைத்து, "நீங்க அறிவிக்கலேன்னா நான் அறிவிக்கிறேன்" என்றாள். சற்று நேரத்தில் ரேடியோவில் அவள் குரல் ஒலித்தது: "நேத்து நான் சொன்னது தப்பு. என் சோதனையில பிழை இருக்கு. மறுபடி சொல்றவரைக்கும் யாரும் குடிக்காதீங்க. காய்ச்சியும் குடிக்காதீங்க."

அன்று பகல் முழுக்க அவள் சோதனை மேசையை விட்டு நகரவில்லை. தொலைபேசி அடித்தபடியே இருந்தது, எடுக்கவில்லை. அளவு வரம்புக்கு மேலே வந்தால் அவள் பேர் தப்பும். ஆனால் ஓட்டோ குடித்தது நஞ்சு என்றாகிவிடும். கீழே வந்தால் குழந்தை தப்பும். அவள் கதை முடிந்தது. எது வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கீழேதான் வந்தது. இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் கீழேதான். மார்லிஸ் மேசைமேல் தலையைச் சாய்த்துச் சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள்.

ரேடியோவில் அதையும் அவளே சொன்னாள். வெளியே வந்தபோது அவள் காரின் கண்ணாடியில் யாரோ பச்சைப் பெயிண்டை வீசியிருந்தார்கள். வெர்ன் ஒரு கந்தலால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்திருந்தான்.

"திருவிழாவுக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் ஊரவிட்டுப் போயிட்டாங்க" என்றான். "மூணு படகு காலி."

"மன்னிச்சுக்கோ வெர்ன்."

"அத விடு. அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா, எங்க வீட்டுக்கு முதல்ல போன் பண்ணாத. ஊருக்குச் சொல்லு. நாங்களும் ரேடியோ கேக்கிறவங்கதான்."